ஐப்பசியில் எங்கே போகலாம்? – நிலமும் பொழுதும் பார்த்துப் பயணம் திட்டமிடுதல்



சில நாள்களுக்கு முன் டத்தோ கிராமாட்டில், பாடாங் பிரவுன் உணவுக் கடைகளில் நண்பர் ஒருவரோடு உட்கார்ந்திருந்தேன். அவரும் ஆசிரியர்தான். பாசெம்போர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்: "சார், தீபாவளி லீவுல குடும்பத்தோட இந்தியா போலாம்னு இருக்கோம். அங்க அப்போ இலையுதிர் காலம்தானே? வெயிலும் இருக்காது, கூட்டமும் இருக்காது. சரியான நேரம்தானே?"

"இந்தியாவில் எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"எல்லா இடமும்தான். சென்னை, மதுரை, அப்புறம் காசி, டெல்லி."

பாதி சரி, பாதி தவறு என்று சொன்னேன். ஏன் என்று விளக்க அரைமணி நேரம் ஆனது. அந்த விளக்கத்தையே இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். பயணம் போகிறவர்களுக்கு இது திட்டம் போட உதவும். மாணவர்களுக்குப் பெரும்பொழுது என்ற பாடத்தை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள உதவும்.

இடைப்பருவம் என்றால் என்ன?

சுற்றுலாத் துறையில் ஆண்டை மூன்றாகப் பிரிப்பார்கள். எல்லாரும் போகும் காலம் உச்சப் பருவம். யாரும் போகாத காலம் மந்தப் பருவம். இரண்டுக்கும் நடுவே சில வாரங்கள் இருக்கும். அப்போது வானிலை ஓரளவு நன்றாக இருக்கும். கூட்டம் இன்னும் வந்திருக்காது, அல்லது வந்து போயிருக்கும். தங்குமிட வாடகை உச்சத்துக்கு ஏறியிருக்காது. இதை ஆங்கிலத்தில் 'ஷோல்டர் சீசன்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் 'தோள் பருவம்' என்று எழுதினால் படிக்கிறவர் விழிப்பார். பொருளைப் பார்த்து 'இடைப்பருவம்' என்று சொல்வோம்.

வட இந்தியச் சமவெளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை கடும் வெயில். ஜூலை, ஆகஸ்டில் மழை. டிசம்பர் கடைசி, ஜனவரியில் வெளிநாட்டுப் பயணிகளின் கூட்டம். ஆகவே அக்டோபரும் நவம்பரும் அங்கே நல்ல இடைப்பருவம். இதுவரைக்கும் நண்பர் சொன்னது சரி. தவறு எங்கே என்றால், இந்தியாவை ஓர் ஊர் மாதிரி நினைத்ததில். அது ஒரு துணைக்கண்டம். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிவரை ஒரே மாதத்தில் ஒரே பருவம் இருப்பதில்லை.

இது நமக்குப் புதிய செய்தி இல்லை. டிசம்பரில் கிளந்தானிலும் திரங்கானுவிலும் வெள்ளம் வரும். அதே நாளில் பினாங்கில் துணி காயப்போடுவோம். நடுவில் தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. நமக்கு மழை மிகுந்த மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும். சின்ன நாட்டிலேயே இப்படி என்றால் துணைக்கண்டத்தில் எப்படி இருக்கும்?

ஒரே மாதம், வேறு வேறு காலம்

பெரும்பொழுது ஆறு என்று படித்திருக்கிறோம். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில்.

நாம் பார்க்கவேண்டியது கூதிர்காலம். ஏறக்குறைய அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் நடுவில் முடியும். பல துணைநூல்களில் 'கூதிர் என்றால் இலையுதிர் காலம்' என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். மாணவர்களும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். மாதக் கணக்கில் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி வரும். ஆனால் அனுபவத்தில் இரண்டும் ஒன்றல்ல.

கூதிர் என்பது வாடைக்காற்றும் மழையும் குளிரும் சேர்ந்த காலம். பத்துப்பாட்டில் நெடுநல்வாடை பாடுவது இந்தக் காலத்தைத்தான். வாடை என்பது வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று. தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. 'ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை' என்று ஊர்ப்பக்கம் சொல்வது இதே காலத்தைத்தான்.

இதே இரண்டு மாதங்களை வடமொழி மரபில் சரத் ருது என்பார்கள். அங்கே சரத் என்றால் மழை முடிந்து வானம் தெளிந்த காலம். ஆறு கலங்கல் நீங்கி ஓடும். இரவில் நிலா பளிச்சென்று தெரியும். பாருங்கள், தெற்கில் மழை கொட்டும் அதே மாதத்தில் வடக்கில் வானம் வெளுத்துக் கிடக்கிறது.

இலையுதிர் காலமோ மூன்றாவது ஒன்று. ஐரோப்பா, ஜப்பான் போன்ற மிதவெப்ப நாடுகளில் குளிர்காலத்துக்கு முன் மரங்கள் நிறம் மாறி இலை உதிர்க்கும் காலம் அது. தமிழ்நாட்டின் வறண்ட காடுகளில் மரங்கள் பெரும்பாலும் மழையில்லாத மாசி, பங்குனியை ஒட்டித்தான் இலை உதிர்க்கும். நம் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களைக் கேளுங்கள். ரப்பர் மரங்கள் இலை உதிர்ப்பது ஆண்டின் தொடக்கத்தில், வறட்சியான மாதங்களில் என்று சொல்வார்கள். ஐப்பசியில் இலை உதிர்வதைப் பார்க்க இந்தியாவில் ஆசைப்பட்டால் காஷ்மீருக்குத்தான் போகவேண்டும். சினார் மரங்கள் அக்டோபர் கடைசியில் சிவந்து, நவம்பர் தொடக்கத்தில் உதிரும். ஸ்ரீநகருக்கு அருகே பாம்போரில் குங்குமப்பூ பூப்பதும் அந்த வாரங்களில்தான்.

தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது எதை? நிலத்தையும் பொழுதையும் சேர்த்து. பொழுதை மட்டும் தனியாகச் சொல்லவில்லை. பயணத் திட்டத்துக்கும் அதுதான் விதி. 'அக்டோபரில் போகலாமா?' என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. 'அக்டோபரில் காசிக்குப் போகலாமா?' என்று கேட்டால் பதில் உண்டு.

காற்று ஏன் திரும்புகிறது?

கோடையில் வட இந்திய நிலம் சூடேறுகிறது. அங்கே காற்றழுத்தம் குறைகிறது. கடலிலிருந்து ஈரக்காற்று தென்மேற்கிலிருந்து உள்ளே வருகிறது. இது தென்மேற்குப் பருவமழை. கேரளத்தில் இது தொடங்கும் சராசரி நாள் ஜூன் 1. மேற்குத் தொடர்ச்சி மலை இந்தக் காற்றைத் தடுப்பதால் கேரளம் நனைய, தமிழ்நாட்டின் பெரும்பகுதி மழை மறைவில் நிற்கிறது.

செப்டம்பரில் வடக்கு நிலம் குளிரத் தொடங்குகிறது. மழை பின்வாங்குகிறது. சராசரியாகச் செப்டம்பர் 17 அளவில் ராஜஸ்தானின் மேற்கு எல்லையில் தொடங்கி, அக்டோபர் 15 அளவில் நாடு முழுவதிலிருந்தும் தென்மேற்குப் பருவமழை விலகிவிடும். பிறகு காற்றின் திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசுகிறது. வங்காள விரிகுடாவைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு தமிழகக் கரையில் கொட்டுகிறது. இது வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் பெய்கிறது. விரிகுடாவில் புயல் அதிகம் உருவாவதும் அப்போதுதான்.

இந்தக் காற்றின் கணக்கு நம் பக்கத்துக்கு மிகப் பழையது. 7ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி இச்சிங் தெற்கே வந்து, கடாரத்தில் கப்பலேறி, விரிகுடாவைக் கடந்து வங்கத்தின் தாமிரலிப்தி துறைமுகத்துக்குப் போனார். வழியில் காற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து போன பயணம் அது. கடாரம் என்பது நம் பினாங்குக்கு எதிர்க்கரையிலுள்ள கெடா. இன்று அதே கடலை நாம் நான்கு மணி நேரத்தில் பறந்து கடக்கிறோம். அதனால் காற்றை மறந்துவிடுகிறோம்.

நான் செய்த தவறு

நானும் மறந்தவன்தான். என் அம்மா எட்டு வயதில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிய கப்பல் அது. ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். வந்ததற்குப் பிறகு அம்மா ஊரைப் பார்க்கவே இல்லை. கல்யாணம், பிள்ளைகள், வேலை என்று வருஷங்கள் ஓடிவிட்டன.

2015ஆம் ஆண்டு இறுதி விடுமுறையில் அழைத்துப்போவதாகச் சொன்னேன். அப்போதெல்லாம் விடுமுறை நவம்பர் கடைசியிலேயே தொடங்கிவிடும். அந்த வாரம் டிக்கெட் மலிவாக இருந்தது. ஏன் மலிவு என்று நான் யோசிக்கவில்லை. சென்னையில் இறங்கி இரண்டு மூன்று நாள் துணிக்கடை, கோயில் என்று சுற்றிவிட்டு, டிசம்பர் 2ஆம் தேதி ரயிலில் ஊருக்குப் போவது திட்டம்.

டிசம்பர் 1ஆம் தேதி கொட்டிய மழையைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். அடையாறு கரைபுரண்டது. அன்று இரவு மூடிய சென்னை விமான நிலையம் 6ஆம் தேதிதான் பயணிகளுக்குத் திறந்தது. எங்கள் ரயில் ரத்து. மாடி அறையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். அம்மா ஒரு குறையும் சொல்லவில்லை. "கார்த்திகையில யாராச்சும் ஊருக்குப் போவாங்களா? என்னைக் கேட்டிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னார். ஊரைப் பார்க்காமலே திரும்பினோம்.

மூன்று வருஷம் கழித்து, 2018 நவம்பர் 16 அதிகாலையில், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மாமா வீட்டுக் கொல்லையில் நின்ற தென்னைகள் அத்தனையும் சாய்ந்தன. அம்மா சின்ன வயதில் விளையாடிய இடம் அது. இப்போது அம்மாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது, முட்டிவலியும் உண்டு. இன்னொரு தடவை தப்பாகத் திட்டம் போட என்னிடம் வருஷம் இல்லை.

மழைக்குப் பின்னால் போங்கள்

மேலே சொன்ன காற்றுக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். மழை வடமேற்கில் விலகத் தொடங்கி, தெற்கில் கடைசியாக முடிகிறது. ஆகவே பயணமும் வடக்கில் தொடங்கித் தெற்கில் முடியவேண்டும். மழை முன்னே போகட்டும். நாம் பின்னாலேயே போவோம். நண்பர் போட்டிருந்த திட்டம் இதற்கு நேர் எதிர்: முதலில் சென்னை, மதுரை, பிறகு காசி, டெல்லி.

மாதவாரியாகப் பார்ப்போம்.

அக்டோபர்: டெல்லி, ஆக்ரா, இமாசலம், காஷ்மீர். மாதத்தின் முதல் பாதி டெல்லிக்கு நல்லது. மாதக் கடைசியில் சுற்றுப்புற மாநிலங்களில் அறுவடை முடிந்த வயல்களைக் கொளுத்தும் புகையும் தீபாவளிப் பட்டாசுப் புகையும் சேர்ந்து காற்று மோசமாகிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள், வயதானவர்கள் நவம்பரில் டெல்லியைத் தவிர்ப்பது நல்லது. இடைப்பருவம் என்பதற்காக எல்லாமே நன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

நவம்பர்: ராஜஸ்தான், காசி. பகலில் ஏறக்குறைய 30 பாகை, இரவில் இதமான குளிர். மாதத்தின் பின்பகுதியில் அஜந்தா, எல்லோரா, ஹம்பி என்று தக்காணத்துக்கு இறங்கலாம்.

டிசம்பர் முதல் பாதி: காசிக்கு இன்னும் நேரம் உண்டு. கடும் மூடுபனி பெரும்பாலும் டிசம்பர் பின்பாதியில் தொடங்கி ஜனவரிவரை இருக்கும். அப்போது ரயிலும் விமானமும் பல மணி நேரம் தாமதமாகும்.

டிசம்பர் பின்பாதி: தமிழ்நாடு. 'கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை' என்ற பழமொழியை வகுப்பில் எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறோம்! கார்த்திகை டிசம்பர் நடுவில் முடிகிறது. மார்கழி பிறந்தால் மழை குறைந்து பனி தொடங்கும். காவிரிப் படுகையில் சம்பா வயல் பச்சையாக நிற்கும், தையில்தான் அறுவடை. ஆனால் பழமொழி சராசரியைச் சொல்கிறதே தவிர உத்தரவாதம் தருவதில்லை. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்தது. அதனால் டிசம்பரிலும் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

விழாக் கூட்டத்தையும் பாருங்கள்

வானிலை நன்றாக இருந்தும் ரயிலில் இடம் கிடைக்காமல் போகலாம். தீபாவளிக்கு ஆறாம் நாள் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கிலும் சத் பூசை. வெளியூரில் வேலை செய்கிறவர்கள் லட்சக்கணக்கில் ஊர் திரும்புவார்கள். காசி வழியாகப் போகும் ரயில்கள் நிரம்பிவிடும். தீபாவளிக்குப் பதினைந்து நாள் கழித்து வரும் பௌர்ணமியில் காசியில் தேவ தீபாவளி. படித்துறை முழுக்க விளக்கேற்றுவார்கள். பார்க்க அழகு; ஆனால் அறை வாடகை உச்சத்தில் இருக்கும். தெற்கே கார்த்திகை முதல் நாளிலிருந்து சபரிமலைப் பருவம். கேரளம் போகும் ரயில்கள் நெரியும். திருவண்ணாமலையில் தீபத்தன்று தங்க இடம் கிடைப்பது கடினம்.

விழாவைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அந்த நாளையே மையமாக வைத்துத் திட்டமிடுங்கள். இல்லையென்றால் அந்த வாரத்தை விட்டு விலகுங்கள். தீபாவளி ஆண்டுதோறும் நகரும் என்பதையும் மறக்கவேண்டாம். 2025இல் அக்டோபர் 20. 2026இல் நவம்பர் 8. ஆகவே போன வருஷத் திட்டத்தை அப்படியே இந்த வருஷம் பயன்படுத்த முடியாது.

நமக்குக் கிடைக்கும் நாள்கள்

இதுவரை சொன்னது நிலத்தின் கணக்கு. ஆசிரியர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு: பள்ளி நாள்காட்டி. அக்டோபர் எவ்வளவு அழகான மாதமாக இருந்தாலும் நமக்கு அது பாடம் முடிக்கும் மாதம், மாணவர்களுக்குத் தேர்வுக்குத் தயாராகும் மாதம். ஆகவே மூன்று விதமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள்: உங்களுக்குத்தான் உண்மையான இடைப்பருவம். அக்டோபர் முதல் வாரம் புறப்பட்டு வடக்கே மூன்று வாரம் சுற்றலாம். தமிழ்நாட்டை வேறொரு பயணமாக மார்கழி, தைக்கு ஒதுக்குங்கள்.

தீபாவளியை ஒட்டிய சில நாள் விடுமுறை மட்டும் உள்ளவர்கள்: ஒரே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ராஜஸ்தானோ காசியோ, ஏதாவது ஒன்று. ஒரு வாரத்தில் வடக்கும் தெற்கும் பார்க்க நினைத்தால் விமான நிலையங்களைத்தான் பார்ப்பீர்கள்.

ஆண்டிறுதி விடுமுறையில் போகிறவர்கள்: 2026 முதல் பள்ளித் தவணை மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால் நீண்ட விடுமுறை டிசம்பரில் வருகிறது. அதன் முதல் வாரம் கூதிரின் கடைசி வாரம். அதை வடக்கிலும், மார்கழித் தொடக்கத்தைத் தெற்கிலும் வைத்துக்கொள்ளுங்கள். விமானக் கட்டணத்தில் பெரிய மிச்சம் கிடைக்காது. எல்லாருக்கும் அப்போதுதான் லீவு. ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்துக்கு முன்பே காசியை முடித்துவிட்டால் அங்குள்ள உச்சக் கூட்டத்திலிருந்து தப்பலாம். எஸ்.பி.எம். மாணவர்கள் உள்ள வீட்டில் கடைசித் தேர்வுத் தாளின் தேதியைப் பார்த்த பிறகே டிக்கெட் எடுங்கள். இதைச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்கிறேன்.

எங்கள் டிசம்பர்த் திட்டம்

அம்மாவுக்காக நான் இப்போது போட்டிருக்கும் திட்டத்தையே மாதிரியாகத் தருகிறேன்.

1. முதலில் மாற்ற முடியாததை எழுதினேன். ஊரில் மூன்று நாள். அதுதான் பயணத்தின் நோக்கம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

2. அந்த ஊருக்கு எந்த வாரம் சரி என்று பார்த்தேன். கார்த்திகை முடிந்த பிறகு. ஆகவே டிசம்பர் 17க்கு மேல்.

3. அதற்கு முன்னுள்ள நாள்களை வடக்குக்குக் கொடுத்தேன். டிசம்பர் 6 முதல் 12வரை காசி. அம்மாவுக்குக் காசி ஆசை. எனக்குத் தமிழாசிரியன் ஆசை. பாரதியார் 1898 முதல் 1902வரை அனுமன் காட்டுப் பகுதியில் வாழ்ந்தார். குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் நிறுவிய மடம் கேதார் காட்டில் இருக்கிறது. பக்கத்தில் சாரநாத். காசிப் படித்துறைகளில் படிகள் செங்குத்து. அதனால் அம்மாவுக்குப் படகில் சுற்ற ஏற்பாடு. இரவில் 10 பாகை அளவுக்குக் குளிரும் என்பதால் கம்பளிச் சட்டையும் காலுறையும்.

4. இரண்டு இடங்களுக்கு நடுவே வெற்று நாள் வைத்தேன். காசியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஒன்றரை நாளுக்கும் மேலாகும் என்பதால் 13ஆம் தேதி விமானம். 14, 15, 16 ஆகிய மூன்று நாளும் சென்னையில் எந்த வேலையும் இல்லை. விமானம் தாமதமானால், மழை நீடித்தால், அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனால் இந்த நாள்கள் தாங்கிக்கொள்ளும். 2015இல் என்னிடம் இல்லாதது இதுதான்.

5. ரயில் முன்பதிவு நாளைக் குறித்தேன். இந்திய ரயிலில் 60 நாளுக்கு முன் முன்பதிவு திறக்கும். 2024 நவம்பர் 1க்கு முன் இது 120 நாளாக இருந்தது. பழைய கணக்கை நம்பியிருப்பவர்கள் கவனிக்கவும். டிசம்பர் நடுவில் சென்னையிலிருந்து திருவாரூருக்குப் போகவேண்டும் என்றால் அக்டோபர் நடுவில் உட்காரவேண்டும். திருவாரூரிலிருந்து ஊருக்குக் கார்.

6. தாள்வேலை. கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகவேண்டும். இந்தியாவுக்கு நமக்கு விசா வேண்டும். இணையவழி விண்ணப்பத்துக்கு இந்திய அரசின் தளத்தை மட்டும் பயன்படுத்துங்கள். அதைப்போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் உண்டு. அரசுப் பணியில் உள்ள ஆசிரியர்கள் வெளிநாடு செல்ல முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். சென்னைக்கும் பினாங்குக்கும் 2024 டிசம்பர் 21 அன்று நேரடி விமானச் சேவை தொடங்கியது. நீங்கள் போகும் மாதத்தின் அட்டவணையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

7. புறப்படும் வாரம் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கை நிறங்களைப் பார்க்கவேண்டும். பச்சை என்றால் கவலையில்லை. மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் மாற்றுத் திட்டத்துக்குத் தயாராகுங்கள். சிவப்பு என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மலிவு டிக்கெட் வீணாகிறதே என்று பார்க்காதீர்கள்.

ஐரோப்பாவுக்குப் போகிறவர்களுக்கு

இதே முறை வேறு கண்டத்துக்கும் பொருந்தும். ஐரோப்பாவில் செப்டம்பரும் அக்டோபரும் இடைப்பருவம். அங்கும் வடக்கிலிருந்து தெற்குக்குப் போவதுதான் சரி. காரணம் மட்டும் வேறு. இந்தியாவில் மழைக்குப் பின்னால் போகிறோம். ஐரோப்பாவில் குளிருக்கு முன்னால் போகிறோம். செப்டம்பர் தொடக்கத்தில் சுவீடன், நார்வே. மாதக் கடைசியில் ஜெர்மனி, பிரான்சு. அக்டோபரில் இத்தாலி, ஸ்பெயின், கிரேக்கம். ஷெங்கன் நாடுகளில் மலேசியர்கள் 180 நாளில் 90 நாள்வரை விசா இல்லாமல் தங்கலாம். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதியும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கணக்கே தலைகீழ்: அங்கே இலையுதிர் காலம் மார்ச் முதல் மே வரை.

வகுப்பறையிலும் தேர்விலும்

மாணவர்களே, மூன்று சொற்களைப் பிரித்து எழுதப் பழகுங்கள். கூதிர்: தமிழ் மரபில் ஐப்பசி, கார்த்திகை, வாடையும் குளிரும் மழையும். சரத்: வடமொழி மரபில் அதே மாதங்கள், தெளிந்த வானம். இலையுதிர் காலம்: மிதவெப்ப நாடுகளில் குளிருக்கு முந்திய காலம். 'கூதிர்காலத்தில் மரங்கள் நிறம் மாறி இலை உதிர்த்தன' என்று தஞ்சாவூரைப் பற்றிக் கட்டுரை எழுதினால் அது கருத்துப் பிழை.

ஆசிரியர்கள் இதை உயர்நிலைச் சிந்தனைப் பயிற்சியாகக் கொடுக்கலாம்:

அ. பாட்டியும் ஆஸ்துமா உள்ள தம்பியும் சேர்ந்து நவம்பரில் பத்து நாள் இந்தியா போகிறார்கள். டெல்லி, காசி, மதுரை ஆகிய மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? இரண்டு காரணங்களுடன் எழுதுக.

ஆ. 'கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை' என்ற பழமொழி எந்த நிலத்துக்குப் பொருந்தும்? கிளந்தானுக்குப் பொருந்துமா? விளக்குக.

இ. கேமரன் மலை, லங்காவி, கோத்தா பாரு ஆகிய மூன்று இடங்களுக்கும் சுற்றுலா செல்ல ஏற்ற மாதங்களைக் கண்டறிந்து, ஒரு பயணத் திட்டம் தயாரிக்கவும்.

மூன்றாவது கேள்விக்கு இணையத்தில் பதில் தேடும் முன் வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் வந்த வெள்ளத்தை நம் பிள்ளைகளின் பெற்றோர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். எந்த மாதம் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பது டத்தோ கிராமாட்டில் பல வீட்டுக்குத் தெரியும்.

நண்பர் கடைசியில் தீபாவளிக்குக் காசி மட்டும் என்று முடிவு செய்துவிட்டார், சத் பூசைக்கு முன்பே திரும்புகிற மாதிரி. மதுரையைத் தைக்குத் தள்ளிவைத்திருக்கிறார். நான் இந்த முறை டிக்கெட் பார்க்கும் முன் அம்மாவிடம் கேட்டேன், எப்போது போகலாம் என்று. அம்மா காலண்டரைப் பார்க்கவே இல்லை. "மார்கழி பொறக்கட்டும். வயல் பச்சையா இருக்கும், பாதையும் காஞ்சிருக்கும்" என்றார். மாமா வைத்த புதுத் தென்னங்கன்றுகள் இப்போது காய்க்கின்றனவாம். அதைப் பார்க்கத்தான் போகிறோம்.

நீங்களும் டிக்கெட் பார்க்கும் முன் நிலத்தையும் பொழுதையும் பாருங்கள். பயணம் நல்லபடியாக அமைய வாழ்த்துகள்.